லக்ராஸ் பிறந்த கதை: கேள்வி பதில்

கே: லக்ராஸ், வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம். பெயர் பிரெஞ்சு, தேசிய விளையாட்டு கனடாவுக்கு. அப்போ இதைக் கண்டுபிடிச்சது யாருங்க?

ப: ரெண்டு பேரும் இல்லை. வட அமெரிக்கப் பூர்வகுடிகள். இன்றைய ஆட்டம் ஹோடெனொஷோனி மக்களின் வடிவத்திலிருந்து வந்தது. பழைய நூல்களில் இவர்கள் இரோகுவா. 1636-ல் ஹூரோன் மக்களிடையே இருந்த சேசு சபைப் பாதிரியார் ழான் டி பிரெபஃப் எழுதிய குறிப்பில் 'லா கிராஸ்' வருகிறது. ஆயரின் செங்கோல் போல மட்டை வளைந்திருந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். இன்னொரு விளக்கம்: பிரான்ஸில் வளைகோல் பந்தாட்டத்தையே அப்படித்தான் அழைத்தார்கள். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

கே: எல்லாக் குடிகளும் ஒரே மாதிரியா ஆடினாங்க?

ப: இல்லை. தெற்கே சாக்டோ, செரோக்கி ஆட்டக்காரர்களுக்குக் கைக்கொன்றாக இரண்டு குட்டை மட்டைகள். பேரேரிகள் பக்கம் ஒரே மட்டை, நுனியில் சின்ன வட்டக் கூடு. ஹோடெனொஷோனியரிடம் நீள மட்டை, அகன்ற வலை. நோயாளி குணமாக வேண்டி ஆடும் வழக்கமும் அவர்களிடம் உண்டு.

கே: பந்தாட்டத்தைக் காட்டிக் கோட்டையைப் பிடித்தது நிஜமா சார்?

ப: நிஜம். 1763 ஜூன் 2, இன்றைய அமெரிக்காவின் மிச்சிகனில் பிரிட்டிஷார் வசமிருந்த மிச்சிலிமக்கினாக் கோட்டை. ஒஜிப்வே, சாக் பூர்வகுடி வீரர்கள் வெளியே ஆடினார்கள், பிரிட்டிஷ் சிப்பாய்கள் வேடிக்கை பார்த்தார்கள். பந்து கோட்டைப் பக்கம் பறந்ததும், பெண்கள் போர்வைக்குள் மறைத்து வைத்திருந்த ஆயுதங்களை வாங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள்.

கே: மரமட்டை ஏன் வழக்கொழிந்தது?

ப: ஹிக்கரி மரத்தை நீளவாக்கில் பிளந்து, சீவி, ஆவியில் பதமாக்கி வளைத்து, கட்டிப்போட்டு மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். மரத்தின் ரேகை வளைவுக்குக் குறுக்கே ஓடினால் அங்கேயே விரிசல் விடும். அவசரப்பட்டு அவிழ்த்தால் வளைவு நிமிர்ந்துவிடும். மழையில் தோல்வார் தளர்ந்து பந்துப்பை தொங்கிப் போகும். இன்னொரு சிக்கல்: மட்டையின் தலையில், அதாவது பந்துப்பை உள்ள முனையில், ஒரு பக்கம் மரம், மறுபக்கம் விலங்கு நரம்பால் பின்னிய சுவர். அதனால் வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று எனத் தனித்தனி மட்டை. 1970-ல் வந்த பிளாஸ்டிக் தலைக்கு இரு பக்கமும் ஒன்றே. கை மாற்றி ஆடுவது சுலபமாயிற்று.

கே: விதிகள் எழுதியது ஒரு பல் மருத்துவராமே?

ப: ஆமாம், மாண்ட்ரியலைச் சேர்ந்த வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ். 1867 விதிகளில் அணிக்கு 12 பேர். மான்தோல் பந்துக்குப் பதில் ரப்பர் பந்து. ஆனால் 1880-ல், காசு வாங்கி ஆடுகிறார்கள் என்று பூர்வகுடி அணிகளைக் கனடிய சங்கம் விலக்கியது. ஊருக்கு ஊர் போய் ஆட அவர்களுக்கு வேறு பணம் ஏது? ஆட்டத்தைக் கொடுத்தவர்களையே வெளியே நிறுத்திய விதி அது. ஹோடெனொஷோனி தேசிய அணி 1983-ல்தான் உருவானது. 1990-ல் பெர்த் உலகக் கோப்பையில் ஆடியது.

கே: ஒலிம்பிக்கில் அவங்களைப் பார்க்கலாமா?

ப: லக்ராஸுக்குப் பதக்கம் கொடுத்தது 1904, 1908-ல் மட்டும். 2028 லாஸ் ஏஞ்சலஸில் திரும்ப வருகிறது: அணிக்கு 6 பேர், 8 நிமிடம் வீதம் 4 பகுதி. தேசிய ஒலிம்பிக் குழு இருந்தால்தான் அணி அனுப்பலாம். ஹோடெனொஷோனிக்கு அங்கீகாரம் பெற்ற அப்படிக் குழு இல்லை, சிக்கல் அங்கேதான்.