எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு ஹார்மோன் மாத்திரை இல்லாமல் வீட்டில் என்ன செய்யலாம்?

எனக்கு இது லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் உள்ளே பார்ப்பது) உறுதியாகி ஆறு வருடம் ஆகிறது. ஹார்மோன் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் நீங்கள் கேட்பதைத்தான் நானும் மாதாமாதம் செய்துகொண்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். எண்டோமெட்ரியோசிஸ் என்பதே கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான். அந்தத் திசு அப்படியேதான் இருக்கும்.

நான் செய்த பெரிய தப்பு, தாங்கவே முடியாமல் போனால்தான் மாத்திரை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. கருப்பையைப் பிழியவைப்பது உடலில் உருவாகும் பிராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம். இபுப்ரோஃபன், நாப்ராக்சன், மெஃபனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம் அது உருவாவதைத் தடுப்பவை. உருவாகி முடிந்ததை அவை அழிக்காது. அதனால் இப்போது முதல் சுருக் தெரிந்ததுமே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு முயன்றாலோ டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வெந்நீர்ப் பை நன்றாகவே கேட்கும், ஆனால் துணியில் சுற்றி வையுங்கள். நான் மாதக்கணக்கில் கொதிக்கக் கொதிக்க நேராகத் தோலில் வைத்ததில், அடிவயிற்றில் வலை பின்னியதுபோல் பழுப்புக் கோடுகள் விழுந்து, மறைய ரொம்ப நாளானது.

அப்புறம், யாரும் சொல்லாத விஷயம் இடுப்புத்தளத் தசை. சிறுநீரை அடக்கும்போது இறுகுமே, அதுதான். வலிக்குப் பயந்து நாள் முழுக்க அதை இறுக்கியே வைத்திருக்கிறேன் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்த இறுக்கமே தனி வலி! மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்து, வயிற்றில் ஒரு கை வைத்துக்கொள்வேன். மூச்சை இழுக்கும்போது கை மேலே எழ வேண்டும். அடியில் தசை தானாகத் தளர்ந்து கீழே இறங்குவது சில நிமிடத்தில் புரியும். முக்கக் கூடாது. இந்தத் தசையை இறுக்கி இறுக்கி விடும் கீகல் பயிற்சி இதற்கு நேரெதிர். ஏற்கெனவே இறுகிக் கிடப்பவர்களுக்கு அது வலியைக் கூட்டிவிடலாம்.

தோல் வழியாக லேசான மின்சாரம் செலுத்தி வலியைக் குறைக்கும் டென்ஸ் (TENS) கருவியும் வைத்திருக்கிறேன். பட்டைகளை அடிமுதுகில் ஒட்டிக்கொண்டால் உட்கார்ந்து வேலை பார்க்க முடிகிறது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஆகாது. மலச்சிக்கல் சேர்ந்தால் வலி இரட்டிப்பாகிறது, அந்த நாட்களில் தண்ணீரையும் நார்ச்சத்தையும் மறக்க மாட்டேன்.

திடீரென்று வேறு மாதிரி கடும் வலி, காய்ச்சல், மயக்கம், நாள் தள்ளிப்போயிருக்கும்போது வலி என்றால் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.