மேஜர் 9 கார்டு: ஐந்து ஸ்வரங்களும் நான்கு விரல்களும்

கேள்வி: கிட்டார் பழகத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. ‘சி மேஜர் 9’ என்று குறிக்கப்பட்ட இடங்களில் நான் சி 9 கார்டையே (chord, ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வாசித்து வருகிறேன். ஆனால் ஏதோ உறுத்துகிறது. இரண்டும் ஒன்றில்லையா? மேலும், ஐந்து ஸ்வரங்கள் கொண்ட கார்டுக்குப் படத்தில் நான்கு விரல்களை மட்டும் காட்டுவது ஏன்?

பதில்: உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது, இரண்டும் வெவ்வேறு கார்டுகள். சி மேஜர் 9 என்பது சி, இ, ஜி, பி, டி ஆகிய ஐந்து ஸ்வரங்களின் சேர்க்கை. சி-யை ஷட்ஜமாகக் கொண்டால், சங்கராபரணத்தின் ச, க, ப, நி ஆகியவற்றோடு மேல் ஸ்தாயி ரிஷபமும் சேர்ந்தது என்று புரிந்துகொள்ளலாம். சி 9-இல் அந்த நிஷாதம் அரை ஸ்வரம் இறங்கி பி ஃப்ளாட் ஆகிவிடுகிறது. மேஜர் 9 இருந்த இடத்திலேயே நிறைவாக நிற்கக்கூடியது. சி 9-ஓ எஃப் கார்டை நோக்கி நகரத் துடிப்பது. பாடல் இளைப்பாற வேண்டிய இடத்தில் அந்தத் துடிப்பு புகுந்ததால்தான் உங்களுக்கு உறுத்தியது. விரல் எட்டாத வேளையில் சி மேஜர் 7 வாசியுங்கள். நிறம் சற்றுக் குறையுமே தவிர, கார்டின் இயல்பு கெடாது.

அடுத்து, நான்கு விரல்கள். ஐந்தாம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டில் (fret, கிட்டார் கழுத்தில் குறுக்குக் கம்பிகளுக்கு இடையிலுள்ள கட்டம்) நடுவிரல், நான்காம் கம்பியின் 2-இல் சுட்டுவிரல், மூன்றாம் கம்பியின் 4-இல் சுண்டுவிரல், இரண்டாம் கம்பியின் 3-இல் மோதிரவிரல். இப்போது ஒலிப்பவை சி, இ, பி, டி. விடுபட்டது ஜி, அதாவது பஞ்சமம். சி ஒலிக்கும்போதே அதன் மேலொலிகளில் (அதனுடன் மெலிதாகச் சேர்ந்து எழும் ஒலிகளில்) பஞ்சமம் கலந்திருப்பதால், அதை விடுவதால் பெரிய இழப்பில்லை. ஆனால் நிஷாதத்தை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள், விட்டால் அது வெறும் ஆட் 9 (add 9, நிஷாதம் இல்லாமல் டி மட்டும் சேர்ந்த சி மேஜர் கார்டு) ஆகிவிடும்.

ஆறாம் கம்பியை நடுவிரல் நுனியால் லேசாகத் தொட்டு ஒலிக்காமல் செய்யுங்கள். முதல் கம்பி திறந்து ஒலித்தால் அது இ என்பதால் இங்கே பொருந்தும். இதே வடிவத்தை இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் டி மேஜர் 9 கிடைக்கும்; ஆனால் திறந்த கம்பி கூடவே நகராது என்பதால், வடிவத்தை நகர்த்தி வாசிக்கும் பழக்கம் வரும்போது முதல் கம்பியையும் அடக்கிவிடுவதே நல்லது.

குழுவில் பேஸ் கிட்டார் சி-யைப் பிடித்திருந்தால், நீங்கள் இ மைனர் 7 வாசித்தாலே போதும்: அதிலுள்ள இ, ஜி, பி, டி ஆகியவை அந்த சி-யோடு சேர்ந்து முழு மேஜர் 9 ஆகிவிடும்.