செவ்வாயில் மனம் வைத்த மகளை நிலவியல் படிக்க விடுங்கள்

சென்ற வாரம் ஒரு தாயும் தந்தையும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளோடு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரட்டை ரோவர்களை, அதாவது தரையில் ஊர்ந்து ஆராயும் ஆளில்லா வண்டிகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை அந்தப் பெண் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லையாம். "செவ்வாய்தானே வேண்டும்? விண்வெளிப் பொறியியலில் சேர்த்துவிடு" என்று பெரியப்பா முடிவே செய்துவிட்டார். அத்தை கல்லூரியையும் சொல்லிவிட்டார். கட்டணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கத்தான் தந்தை வந்திருந்தார்.

உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. நேரில் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்: அந்தப் படிப்பில் அவளைச் சேர்க்க வேண்டாம்.

காரணத்தை உங்கள் மகளே சொன்னாள். படத்தை எந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாய் என்று கேட்டேன். ராக்கெட் கிளம்பியதையோ, காற்றுப்பைகளுக்குள் ரோவர் துள்ளித் துள்ளி இறங்கியதையோ அவள் பேசவே இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பக்கம் பக்கமாகப் பாறைகள். ஒரு பாறையின் மேல் மிளகளவு உருண்டைகளைப் பென்சிலால் வரைந்து, "இவை ஏன் இவ்வளவு உருண்டையாக இருக்கின்றன?" என்று ஓரத்தில் எழுதியிருந்தாள்.

என் மேசையில் கருஞ்சாம்பல் நிறக் கல் ஒன்று கிடக்கிறது. அதை அவள் கையில் கொடுத்து, மெருகிடாத வெள்ளை ஓட்டில் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். கோடு செக்கச் செவேலென்று விழுந்தது. கல்லைத் திருப்பிப் பார்த்தாள், விரலில் ஒட்டிய பொடியைப் பார்த்தாள், மறுபடியும் இழுத்தாள். அது ஹேமடைட் என்ற இரும்புத் தாது. ஆப்பர்ச்சூனிட்டியை மெரிடியானி சமவெளிக்கு அனுப்பியதே, செவ்வாயைச் சுற்றிய விண்கலம் ஒன்று அங்கே சாம்பல்நிற ஹேமடைட்டைக் கண்டதால்தான். பூமியில் அது பெரும்பாலும் நீரின் துணையோடு உருவாகும் தாது. உங்கள் மகள் வரைந்த உருண்டைகளும் ஹேமடைட்டே. பாறையில் ஊறிய நிலத்தடி நீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து திரண்டவை.

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில் தேடும் படிப்புக்கு நிலவியல் என்று பெயர், ஜியாலஜி. அந்த இரட்டை ரோவர்களின் அறிவியல் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஸ்டீவ் ஸ்கொயர்ஸின் முதல் பட்டம் நிலவியல். 2012இல் செவ்வாயின் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி என்ற ரோவரின் அறிவியல் பணிகளைத் தொடக்க ஆண்டுகளில் நடத்திய ஜான் கிராட்சிங்கர், படிவுப்பாறைகளை ஆராயும் நிலவியலாளர். வண்டியைக் கட்டுவது அரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஆசையுள்ள பிள்ளையின் நோட்டில் சக்கரங்கள் இருந்திருக்கும்.

சக்கரம் என்றதும் ஸ்பிரிட்டின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2006இல் அதன் முன் வலச் சக்கரம் நின்றுபோனது. அதன்பின் ஸ்பிரிட் பின்னோக்கியே நகர்ந்தது, செயலிழந்த சக்கரத்தை மண்ணில் இழுத்துக்கொண்டு. 2007இல் அந்தத் தடத்தில் வெளிறிய மண் கிளம்பியது. சோதித்தால் ஏறத்தாழ 90 சதவீதம் சிலிக்கா, மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே பொருள். வெந்நீர் ஊற்றுகளையும் நீராவித் துளைகளையும் பூமியில் ஆராய்ந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: ஒரு காலத்தில் அங்கே சூடான நீரோ ஆவியோ இருந்திருக்கிறது. பழுதான சக்கரம் கீறிய மண்ணை வாசிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. உங்கள் மகள் ஆக விரும்புவது அந்த ஆளாகத்தான்.

இந்தப் படிப்பில் என்ன செய்வாள்? கனிமங்களைக் கீறியும் எடைபார்த்தும் கைலென்ஸால் நோக்கியும் அடையாளம் காண்பாள். பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியின் முனைவாக்கிய ஒளியில் அதன் படிகங்கள் நிறம் மாறுவதைப் பார்ப்பாள். வெயிலில் நடந்து, பாறை அடுக்குகளின் சாய்வை அளந்து வரைபடம் போடுவாள். கூழாங்கல் வழவழப்பாக இருந்தால் தண்ணீர் உருட்டியிருக்கிறது என்று கற்பாள். கியூரியாசிட்டி இறங்கிய ஆண்டே செவ்வாயில் பழைய ஓடைப்படுகை ஒன்று தெரியவந்தது அந்தப் பாடத்தால்தான். கூடவே வேதியியல், கணிதம், தொலையுணர்வு (விண்ணிலிருந்து எடுத்த படங்களால் நிலத்தை ஆராய்வது) ஆகியவற்றை அவள் விடவே கூடாது.

கிரக ஆராய்ச்சியில் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும். அதற்குப் பல இடங்களில் உதவித்தொகை கிடைக்கிறது. அந்த வாசல் திறக்காவிட்டாலும் நிலத்தடி நீர், கனிம ஆய்வு, அணை, சுரங்கப்பாதை, நிலச்சரிவு என்று நிலவியல் படித்தவருக்கு வேலை உண்டு. "கல்லைப் படித்து என்ன கிடைக்கும்?" என்று கேட்கும் உறவினருக்கு இதையே பதிலாகச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று, அம்மா. வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். கடனோடு வெளியே வரும் பிள்ளை, மாதத் தவணைக்காக முதலில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஆராய்ச்சியாவது, செவ்வாயாவது! இளநிலை நிலவியல் படிக்க அரசுக் கல்லூரி போதும். ஆய்வகமும் களப்பயணமும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று மட்டும் அங்கே படிக்கும் மாணவர்களிடம் விசாரியுங்கள்.

முன்பணம் கட்டக் கெடு நெருங்குகிறது என்றீர்கள். கட்டாதீர்கள். அதற்குப் பதில், ரோவர்கள் அனுப்பிய படங்களை நாசா இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது என்று மகளிடம் சொல்லுங்கள். ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, அதில் கண்டதையெல்லாம் ஒரு பக்கம் எழுதட்டும். அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கத்தைக் கொண்டு வாருங்கள். பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள். அவர் முன்னால் அவளே படித்துக் காட்டட்டும்.