14 வயதில் சிகரெட்: காலை நேரத்தைக் கவனியுங்கள்

உயர்நிலை 2இல் படிக்கும் மகனின் புத்தகப்பையில் சிகரெட் பெட்டியைக் கண்டது முதல் உறக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நுரையீரல், உதட்டின் நிறம், உயரம், எக்ஸ்ரே என்று பலவற்றைக் கேட்டுவிட்டு, அவனுடைய அப்பாவும் புகைப்பவர்தான் என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். உங்களை உறங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

மற்றவற்றை விரைவாக முடித்துவிடுவோம். சில மாதங்களாக அவ்வப்போது புகைத்த சிறுவனின் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியப்போவதில்லை. உதட்டின் நிறத்தையும் உயரத்தையும் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். நுரையீரலைச் சுத்தம் செய்யும் என்று இணையத்தில் விற்கப்படும் மூலிகைத் தேநீர் வீண் செலவு. இருமல் மூன்று வாரங்களைத் தாண்டினாலோ, மூச்சிரைப்பு இருந்தாலோ மட்டும் பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.

புகைப்பதைக் கைவிட உதவும் நிக்கோட்டின் சூயிங்கத்தை உங்கள் கணவர் தமக்காக வாங்கி, அதைப் பாதியாக்கி மகனுக்குக் கொடுத்ததை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. சிங்கப்பூரில் அது 2004 முதல் மருத்துவர், பல்மருத்துவர், மருந்தாளர் வழியாக மட்டுமே கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அளவு தெரியாமல் சிறுவனுக்குக் கொடுக்கும் பொருளன்று, உடனே நிறுத்துங்கள். மின்சிகரெட்டுக்கு மாற்றலாமா என்ற கேள்விக்கு இடமே இல்லை. 2018 பிப்ரவரி முதல் அதை வைத்திருப்பதே இங்கு குற்றம். அவற்றுள் சிலவற்றில் எட்டோமிடேட் என்னும் மயக்கமருந்து கலந்திருந்ததையும் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, அவன் எத்தனை சிகரெட் புகைக்கிறான் என்பதைவிட, எப்போது, யாருடன் புகைக்கிறான் என்பதையே. பள்ளி முடிந்து நண்பர்களோடு நிற்கும்போது மட்டும் புகைக்கிறவனை அந்தக் கூட்டத்தின் பழக்கம் இழுக்கிறது. கூட்டம் மாறினால் அது பெரும்பாலும் விட்டுப்போகும். தனியாக, அதிலும் காலையில் எழுந்த அரைமணி நேரத்திற்குள் புகைக்கிறவனை நிக்கோட்டின் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். வளரும் மூளை நிக்கோட்டினுக்கு எளிதில் வசப்படும் என்பதால், தினமும் புகைக்கத் தொடங்கும் முன்பே, சில வாரங்களிலேயே, ஏக்கம் தோன்றுகிற பிள்ளைகள் உண்டு. வெளியே போக முடியாத விடுமுறை நாளில் காரணமின்றிச் சிடுசிடுக்கிறானா, புத்தகத்தில் மனம் நிற்கவில்லையா, பள்ளிக்கு வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்புகிறானா என்று பாருங்கள். இவை காலைச் சிகரெட்டோடு சேர்ந்து வந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி, அப்பாவும் புகைப்பவர் என்ற அந்தக் கடைசி வரி. 2017 ஆகஸ்ட் முதல் கடைகளில் சிகரெட்டைப் பார்வைக்கு வைக்க முடியாது. 2020 ஜூலை முதல் பெட்டியில் நிறுவனத்தின் வண்ணமோ சின்னமோ இல்லை. 2021 ஜனவரி முதல் 21 வயது நிரம்பாதவருக்கு விற்கவும் முடியாது. இத்தனைக்குப் பிறகும் 14 வயதுச் சிறுவனிடம் ஒரு பெட்டி வந்து சேர்ந்தால், அதைக் கொடுத்தது பெரும்பாலும் சற்றே மூத்த நண்பனாக இருக்கும், அல்லது வீட்டு அலமாரியாக இருக்கும். பெற்றோர் புகைக்கும் வீட்டுப் பிள்ளைகள் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு கூடுதல் என்பது பல ஆய்வுகள் கண்ட உண்மை. பெற்றோர் விட்டுவிட்டால் அந்த வாய்ப்பு குறைகிறது என்பதும் அதே அளவு உண்மை. ஆகவே குற்றவுணர்வில் கணவன் மனைவி இருவரும் சண்டையிட்டுக்கொள்வதால் மகனுக்கு ஒரு பயனும் இல்லை. தாம் சன்னலோரம் நின்று ஊதிக்கொண்டே மகனைக் கண்டிக்கும் அப்பாவின் பேச்சு எடுபடாது என்பதை மட்டும் அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மகனிடம் பேசும்போது "யார் கொடுத்தது" என்று தொடங்காதீர்கள். பெயர்களைக் காப்பாற்றுவதற்காகவே அவன் பொய் சொல்வான். "காலையில் எழுந்ததும் வேண்டும் போல் இருக்கிறதா" என்று கேளுங்கள். ஆம் என்றால், குடும்ப மருத்துவரிடம் அவனுக்கும் அவனுடைய அப்பாவுக்கும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள்; சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்லைன் என்னும், புகைப்பதைக் கைவிட உதவும் தொலைபேசிச் சேவையையும் இருவருமே அழைக்கலாம்.