பின் வரிசைத் தலைகள் எங்கே போயின?
வாசகர் கேள்வி – பதில்: போட்டோ பிரின்டும் ஃபிரேமும்

கேள்வி: அறுபதாம் கல்யாணத்தில் செல்போனில் எடுத்த குடும்பப் படத்தை 8×12 பிரின்ட் போடக் கொடுத்தோம். பின் வரிசையில் நின்ற மாப்பிள்ளைகள் இருவருக்கு நெற்றி இல்லை. தரையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பாதம் இல்லை. கேட்டால் ‘கட் ஆகத்தான் செய்யும்’ என்கிறார்கள். போனில் முழுசாகத்தானே தெரிகிறது?
– வாசகி, காரைக்குடி

பதில்: போனில் தெரிவதும் சரி, கடைக்காரர் சொன்னதும் சரி. வெட்டு விழும் என்று பிரின்ட் போடுவதற்கு முன்பே அவர் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

செல்போன் கேமரா சாதாரணமாக 4:3 விகிதத்தில் படம் எடுக்கும். அதாவது 4000 பிக்சல் அகலம் என்றால் 3000 பிக்சல் உயரம். 8×12 தாளோ 3:2 விகிதம். உங்கள் படத்தை 12 அங்குல அகலத்துக்கு விரித்தால் உயரம் 9 அங்குலம் வரும். தாளில் இருப்பது 8 அங்குலம். மிச்சம் ஓர் அங்குலம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். மெஷின் தானாகவே மேலே அரை, கீழே அரை என்று பங்கு போட்டுவிடும். மேல் அரை அங்குலத்தில் மாப்பிள்ளைகள் நெற்றி, கீழ் அரை அங்குலத்தில் பிள்ளைகள் பாதம்.

இந்த 3:2 கணக்கு ஃபிலிம் காலத்துச் சொத்து. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36×24 மி.மீ. அதை அப்படியே பெரிதாக்கினால் 4×6, 8×12, 12×18, 16×24, 20×30 என்று வரும். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்களும் பெரும்பாலும் அதே 3:2. அதனால்தான் கல்யாண போட்டோகிராஃபர் கொடுக்கும் படம் 8×12-இல் கச்சிதமாக உட்காருகிறது, உங்கள் போன் படம் உட்கார மறுக்கிறது.

போன் படத்துக்கு ஏற்ற அளவுகள் 6×8, 9×12, 12×16. இவை மூன்றும் 4:3. ‘9×12 எல்லாம் போடுவதில்லை’ என்று சொல்லும் கடைகள் உண்டு. அங்கே 12×18 தாள் ஒன்று கேளுங்கள். அதைக் குறுக்கே பாதியாக்கினால் இரண்டு 9×12. ஒரு படத்தை இரண்டு பிரதியாகவோ, இரண்டு படங்களாகவோ போட்டு வெட்டி வாங்கிக்கொள்ளலாம். இதே போல 8×12 தாளைப் பாதியாக்கினால் இரண்டு 6×8.

8×12 ஃபிரேம் ஏற்கெனவே வாங்கிவிட்டோம், அதில்தான் போட வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, வெட்டை நீங்களே முடிவு செய்வது: போன் கேலரியில் எடிட், க்ராப் போய் 3:2 விகிதத்தைத் தேர்ந்தெடுத்து, கட்டத்தை மேலே ஏற்றி எல்லார் தலையையும் உள்ளே கொண்டுவாருங்கள். பிள்ளைகளின் பாதம் இன்னும் கொஞ்சம் போகும். முகத்துக்குப் பாதம் விட்டுக்கொடுக்கலாம். பிரதியாகச் சேமித்து அதைக் கொடுத்தால் மெஷினுக்கு வெட்ட வேலையில்லை. மற்றொன்று, ‘முழுப் படமும் வரணும், ஒயிட் பார்டர் இருந்தால் பரவாயில்லை’ என்று வாயால் சொல்லி, பில்லிலும் எழுதச் சொல்வது. 8 அங்குல உயரத்துக்குப் படம் 10.67 அங்குல அகலம் வரும். இரு பக்கமும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வெள்ளை நிற்கும். ஃபிரேமுக்குள் போனால் அது பார்டர் மாதிரியே இருக்கும், உறுத்தாது.

அடுத்த முறை குரூப் எடுக்கும்போது மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். போனில் 16:9 வைத்து எடுக்காதீர்கள். பெரும்பாலான போன்களில் அது 4:3 படத்தின் மேலும் கீழும் நறுக்கியதுதான். அதை 3:2 தாளில் போட்டால் பக்கவாட்டில் இன்னும் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். ஓரத்தில் நிற்கும் சித்தப்பா காணாமல் போவது அப்படித்தான்.

கேள்வி: பார்க்க அழகாக இருந்ததால் 12×16 ஃபிரேம் வாங்கிவிட்டேன். கையில் இருப்பது 8×12 பிரின்ட். ஃபிரேமை மாற்றுவதா, பிரின்டை மாற்றுவதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டும் வேண்டாம். தெரியாமலே சரியான ஜோடியை வாங்கியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி பார்டராக நிற்கும்படி நடுவில் திறப்பு வெட்டிய தடித்த அட்டை, போட்டால் போதும்.

பிரின்டும் ஃபிரேமும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். மவுண்ட் போடும்போது பார்க்க வேண்டியது விகிதத்தை அல்ல, வித்தியாசத்தை. 8-இலிருந்து 12-க்கு நான்கு. 12-இலிருந்து 16-க்கும் நான்கு. இரண்டு வித்தியாசமும் ஒன்றாக இருந்தால் நான்கு பக்கமும் பார்டர் சமமாக வரும். 4×6 பிரின்டுக்கு 8×10 ஃபிரேம், 6×8-க்கு 10×12, 12×18-க்கு 18×24 எல்லாம் இந்தக் கணக்குதான். 8×10 பிரின்டை 12×15-இல் வைத்தால் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஐந்து. அந்தக் கூடுதல் ஓர் அங்குலத்தை நிற்கும் படத்தில் கீழ்ப் பக்கம் தள்ளிவிடுங்கள். மவுண்டின் கீழ் ஓரம் சற்று அகலமாக இருந்தால் கண்ணுக்குப் படம் கீழே சரிந்த மாதிரி தெரியாது.

வெட்டும் அளவு: மவுண்டின் வெளி அளவு 12×16, நடுவில் திறப்பு 7½×11½. திறப்பை 8×12 என்றே வெட்டச் சொன்னால் பிரின்ட் ஓட்டை வழியாக முன்னால் வந்து விழும். சுற்றிலும் கால் அங்குலம் மவுண்டுக்குப் பின்னால் ஒளிய வேண்டும். பார்டர் இரண்டேகால் அங்குலம் நிற்கும். அதில் கால் அங்குலத்தை ஃபிரேமின் உதடு (கண்ணாடியைத் தாங்க உள்பக்கம் நீளும் விளிம்பு) மூடிக்கொள்ள, கண்ணுக்குத் தெரிவது இரண்டு.

பிரின்டை மவுண்டுக்குப் பின்னால் ஒட்டும்போது மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் பேப்பர் டேப். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரக் காற்றில் தாள் விரியும்போது போக இடமில்லாமல் நடுவில் அலை அலையாக எழும்பும். செலோ டேப் வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகிப் பசை கசியும்.

ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி 2 மி.மீ., மவுண்ட் ஒன்றரை, பின்னால் ஹார்டுபோர்டு 3. ஆக ஆறரை மி.மீ. ஆகிறது. பீடிங்கின், அதாவது ஃபிரேம் சட்டத்தின், பின்பக்கப் பள்ளம் அதைவிட ஆழமாக இல்லாவிட்டால் ஆணி பிடிக்காது, போர்டு பின்னால் துருத்தும். நிறத்தைப் பொறுத்தவரை வெள்ளை அல்லது சந்தன நிறம். மெரூன் மவுண்டில் தங்கக் கோடு போட்டுத் தரும் கடைகளிடம் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. படத்தை விட்டுக் கோட்டைத்தான் பார்க்கத் தோன்றும்.

கேள்வி: வீட்டு பிரின்டரில் ஏ4 போட்டோ தாளில் எடுத்தது 8×12 ஃபிரேமில் போகுமா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: அப்படியே போகாது. ஏ4 என்பது 210×297 மி.மீ.; 8×12 என்பது 203×305. அகலத்தில் 7 மி.மீ. வெட்டி எடுக்க வேண்டும், நீளத்தில் 8 மி.மீ. குறையும். நடுவில் சரியாக வைத்தால் மேலே 4, கீழே 4. ஃபிரேமின் உதடு பக்கத்துக்கு 6 மி.மீ. மூடினால் தப்பிக்கும். ஆனால் தாள் சும்மா இருக்காது, சில நாளில் கீழே சறுக்கி, மேலே ஹார்டுபோர்டு கீற்றாய்த் தெரியும். பின்னட்டையில் அளவெடுத்து நடுவில் வைத்து மேல் ஓரத்தை டேப் போட்டு நிறுத்துங்கள். ஏ4 ஃபிரேமே கடையில் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பதும் நியாயமான கேள்விதான்.

கேள்வி: தாத்தா காலத்துத் தேக்கு ஃபிரேம் ஒன்று இருக்கிறது. உள்ளே இருந்த படம் பூஞ்சை பிடித்துவிட்டது. 6×8 போட்டால் இடைவெளி விழுகிறது, 8×10 நுழையவில்லை. ஃபிரேமை அறுத்துச் சின்னதாக்கலாம் என்கிறார் தச்சர்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தச்சரைத் தடுத்து நிறுத்துங்கள். உங்கள் ஃபிரேம் அனேகமாக ‘ஃபுல் பிளேட்’ அளவு, அதாவது 6½×8½ அங்குலம். கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலத்து ஸ்டுடியோ அளவு அது. அதன் தம்பி ‘ஆஃப் பிளேட்’ 4¾×6½. இன்றைய லேப் பட்டியலில் இரண்டும் கிடையாது என்பதால் எதைப் போட்டாலும் பொருந்தாத மாதிரி இருக்கும்.

முதலில் ஃபிரேமைக் கவிழ்த்து, பின்பக்கப் பள்ளத்தின் உள் அளவை எடுங்கள். முன்பக்கம் தெரியும் திறப்பை அளந்தால் அரை அங்குலம் ஏமாந்துபோவீர்கள். பழைய ஃபிரேம்கள் சதுரம் பிசகியிருக்கும், அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு இடத்தில் அளந்து சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். 6½×8½ என்று வந்தால் படத்தை அதே விகிதத்துக்கு க்ராப் செய்து, 1950×2550 பிக்சலாக அளவு மாற்றி, 2400×3000 பிக்சல் வெள்ளைப் பரப்பின் நடுவில் வைத்து 8×10 பிரின்ட் போடச் சொல்லுங்கள். வெள்ளையை வெட்டி எறியும்போது படத்திலும் ஒவ்வொரு பக்கமும் ஒரு மி.மீ. சேர்த்து வெட்டுங்கள், தாள் இறுக்கமாக இருந்தால் வளையும். செல்போன் படம் இந்த அளவுக்கு நன்றாகவே ஒத்துவரும், நீளத்தில் இரண்டு சதவீதம்தான் இழப்பு.

பழைய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். மேல் படலம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஈரம் புகுந்து படமும் கண்ணாடியும் ஒட்டிக்கொள்வதால்தான் இந்த வினை. புதிய படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, உதட்டுக்குப் பின்னால் மறையும்படி, நான்கு ஓரமும் மெல்லிய மவுண்ட் போர்டுப் பட்டை கொடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படத்தை 3:2-க்குச் சரியாக க்ராப் செய்து 12×18 போட்டேன். வெட்டு இல்லை, ஆனால் முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விகிதம் சரி, சரக்கு போதவில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 18 அங்குலத்துக்குப் பங்கிட்டால் அங்குலத்துக்கு 89 பிக்சல். கையில் வைத்துப் பார்க்கும் பிரின்டுக்கு 300-க்கு அருகில் வேண்டும், சுவரில் மாட்ட 200 போதும். அதே படம் 4×6-இல் அழகாக வரும். எடுத்தவரிடம் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்கி மறுபடி போடுங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட் அளவுப் படங்களை 4×6 தாளில் நானே அடுக்கி வீட்டில் பிரின்ட் எடுத்தால் 45 மி.மீ. உயரம் 42 ஆக வருகிறது. ஏன்?
– வாசகி, புதுச்சேரி

பதில்: பிரின்ட் அமைப்பில் ‘ஃபிட் டு பேஜ்’ போட்டிருப்பீர்கள். சுற்றிலும் 3 மி.மீ. ஓரம் விடுவதற்காக 102 மி.மீ. பக்கத்தை 96-க்குச் சுருக்கியிருக்கிறது. 45-ம் கூடவே சுருங்கி 42 ஆனது. ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் வையுங்கள். பார்டர்லெஸ்ஸும் கூடாது, ஓரம் வெள்ளை விடாமல் இருக்க அது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும். 35×45 அளவில் நீளவாக்கில் நான்கு, இரண்டு வரிசை என எட்டுப் படம்: 140×90 மி.மீ. தாள் 152×102 என்பதால் சுற்றிலும் 6 மி.மீ. மிஞ்சும், ஓரத்தில் எதுவும் சிக்காது. ஒன்றை வெட்டி ஸ்கேலில் அளந்து பார்த்துவிட்டு மற்றதை வெட்டுங்கள்.