கேள்வி–பதில்: நர்சிங் அசிஸ்டெண்ட் சான்றிதழைப் பெறுவதும் காப்பாற்றுவதும்

கேள்வி: கணவரின் வேலை நிமித்தமாக எச்-4 விசாவில் அமெரிக்கா வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தேன். முதியோரையும் நோயாளிகளையும் நர்ஸின் கண்காணிப்பில் கவனித்துக்கொள்ளும் நர்சிங் அசிஸ்டெண்ட் வேலைக்கான பயிற்சியில் நான் சேரலாமா? பயிற்சிக் கட்டணத்தை நாமே கட்ட வேண்டுமா?
— வாசகி, ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: சேரலாம். எச்-4 விசாவில் இருப்பவர் படிப்பதற்குத் தடை ஏதும் இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பதற்குத்தான் தனி அனுமதி அட்டை வேண்டும். உங்கள் கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் அந்த அட்டைக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குள் சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால்தான் புதுப்பிப்பார்கள். ஆகவே, அட்டை கைக்கு வரும் காலத்தை ஒட்டிப் பயிற்சியை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

1987ஆம் ஆண்டின் ஃபெடரல் (மத்திய அரசு) சட்டப்படி நாடு முழுவதும் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கட்டாயம். கலிபோர்னியா அதற்கு இரு மடங்குக்கும் மேலாக, வகுப்பில் 60 மணி நேரமும் முதியோரின் படுக்கையருகே 100 மணி நேரமும் என மொத்தம் 160 மணி நேரம் கேட்கிறது. விலங்கியல் பட்டம் இந்த நேரத்தைக் குறைக்காது என்றாலும், உடற்கூறு பற்றிய பாடங்கள் உங்களுக்கு எளிதாக இருக்கும். கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனையிலும் தேற வேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். பயிற்சி தொடங்கும் நாளில் நீங்கள் ஒரு நர்சிங் ஹோமில் வேலையில் இருந்தாலோ, வேலை தருவதாக அவர்கள் உறுதி கொடுத்திருந்தாலோ, பயிற்சிக்கும் புத்தகத்துக்கும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது என்பது ஃபெடரல் விதி. சொந்தப் பணத்தில் படித்தவர், முடித்த 12 மாதங்களுக்குள் அப்படிப்பட்ட இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், செலவை விகிதப்படி மாநிலம் திருப்பித் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நர்சிங் ஹோம் என்றதும் நம்மூர்ச் சின்ன ஆஸ்பத்திரியை நினைத்துவிட வேண்டாம். இங்கே அது, துணையில்லாமல் எழுந்து நடமாட முடியாத முதியோர் பலர் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் இடம். சேருவதற்கு முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: நர்சிங் அசிஸ்டெண்ட் சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன், செய்முறையில் தோற்றுவிட்டேன். பக்கவாதம் வந்த மாமனாரை நான்கு ஆண்டுகள் கவனித்துக்கொண்ட எனக்கு இது பெரிய அவமானமாக இருக்கிறது. இத்தோடு முடிந்ததா?
— வாசகி, ஹூஸ்டன்

பதில்: முடியவில்லை. குறைந்தது மூன்று வாய்ப்புகள் தர வேண்டும் என்று ஃபெடரல் விதியே சொல்கிறது. அவமானப்படவும் இதில் ஒன்றும் இல்லை. வீட்டில் பழகிய கை வேகமாகப் போகும். தேர்வாளரோ ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பார்த்துக் குறிப்பவர்.

என் வகுப்பில் படித்த ஒரு பெண் விரல்நுனிகள் கீழ்நோக்கி இருக்க, சோப்பு நுரையோடு 20 விநாடிக்கும் மேல் தேய்த்து, மிக அழகாகக் கை கழுவினார். கழுவி முடித்ததும் ஈரக்கையாலேயே குழாயை மூடிவிட்டார். உலர்ந்த காகிதத் துண்டால் மூடியிருக்க வேண்டும். கழுவிய கை அந்த ஒரு நொடியில் மீண்டும் அழுக்குக் கையாகிவிட்டது. அதேபோல், சட்டை மாட்டும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு மாற்றும் முன் இரு பக்கமும் பிரேக் போட வேண்டும். கிளம்பும் முன் அழைப்பு மணி நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்யப்போவதை ஒவ்வொரு முறையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மாமனாரிடம் சொல்லாமலே செய்து பழகியிருப்பீர்கள். பெரும்பாலும் மதிப்பெண் போவது அங்கேதான்.

கேள்வி: மாமியாருக்கு உடல்நலம் குன்றியதால் வேலையை விட்டு 20 மாதங்களாக வீட்டில் அவரைக் கவனித்து வருகிறேன். இதுவும் இதே பணிதானே. சான்றிதழைப் புதுப்பிக்க இது போதாதா?
— வாசகி, சார்லட், வட கரோலினா

பதில்: போதாது. நீங்கள் செய்வது அதே பணிதான், சொல்லப்போனால் அதைவிடக் கடினமானது. ஆனாலும் சம்பளமில்லாமல் வீட்டில் செய்வதை, சான்றிதழ் பெற்றவர்களின் பெயர்களை வைத்திருக்கும் மாநிலப் பதிவேடு கணக்கில் எடுத்துக்கொள்ளாது. தொடர்ந்து 24 மாதங்கள் சம்பளத்துக்கு இப்பணியைச் செய்யாதவரின் பெயரை நீக்கிவிட வேண்டும் என்பது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான விதி. பெயர் போய்விட்டால் மறுபடியும் பயிற்சிக்கோ தேர்வுக்கோ போக வேண்டிவரும். நல்லபடியாக வேலை பார்த்த எத்தனையோ பேர், திறமையில் குறையில்லாமல், இந்த ஒரு விதி தெரியாததாலேயே சான்றிதழை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப்போகும்.

உங்களுக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. வட கரோலினாவில், பதிவு பெற்ற நர்ஸின் கண்காணிப்பில், சம்பளத்தோடு எட்டு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் புதுப்பிக்கலாம். (கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ள முடியாது, அங்கே இரண்டு ஆண்டுகளில் 48 மணி நேரத் தொடர்பயிற்சியும் வேண்டும், அதில் ஆண்டுக்கு 12 மணி நேரமாவது முடித்திருக்க வேண்டும்.) முன்பு வேலை பார்த்த இடத்திலேயே, தேவைப்படும் நாளுக்கு மட்டும் அழைக்கும் முறையில் பெயர் கொடுங்கள். ஒரு சனிக்கிழமை கணவர் அம்மாவுடன் இருந்தால் ஒரு ஷிப்டு முடிந்துவிடும். அதற்குள் வீடு மாறியிருந்தால் பதிவேட்டில் முகவரியைத் திருத்திவிடுங்கள். அன்றைய சம்பளச் சீட்டையும், கண்காணித்த நர்ஸின் பெயரையும், தேதியையும் ஒரே உறையில் போட்டுப் பாஸ்போர்ட் இருக்கும் பெட்டியில் வையுங்கள். கடைசி மாதம் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கூப்பிட்டுக் கேளுங்கள்.