கால்வாயில் சூடாகாத எஞ்சின் ஆற்றில் மட்டும் ஏன் சூடாகிறது?

துவாண்டே கால்வாயில் நாள் முழுக்க ஓடினாலும் ஒன்றும் ஆகாத படகு எஞ்சின், ரங்கூன் ஆற்றுக்குள் வந்ததும் சூடேறுகிறது, எஞ்சினையே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கால்வாயில் மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்குப் பாதி வேலைகூட இல்லை, குளிர்விக்கும் தண்ணீர் குறைவாக வந்தாலும் தெரியாது. ஆற்றில் எதிரோட்டத்தில் முழு வேகத்துக்கு முடுக்கும்போதுதான் அந்தக் குறை வெளியே வருகிறது.

முதலில் புகைக்குழாயோடு தண்ணீர் நன்றாகக் கொட்டுகிறதா பாருங்கள் (ஆற்று நீரை உறிஞ்சும் வகை எஞ்சின் என்று வைத்துக்கொள்கிறேன்). குறைந்திருந்தால் கரையில் கட்டி, எஞ்சினை நிறுத்தி, தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறங்கள். ஆகாயத்தாமரை வேரோ பிளாஸ்டிக் பையோ இருக்கும். அது சுத்தமாக இருந்தால் அடுத்தது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர்தான், நம்ம ஆற்று வண்டல் அதை அரம் போட்டது போலத் தேய்த்துவிடும். இதழ் உடைந்திருந்தால் புதியதைப் போட்டால் மட்டும் போதாது, உடைந்த துண்டு உள்ளே போய் வெப்பமாற்றியின் (எஞ்சின் சூட்டை ஆற்று நீருக்கு மாற்றும் பாகம்) வாயை அடைத்துக்கொண்டிருக்கும், பல மெக்கானிக்குகளே இதைத் தேடுவதில்லை.

அப்புறம், கருப்புப் புகையும் வந்தால் எஞ்சின் அதிகச் சுமையில் திணறுகிறதோ என்னவோ, படகைத் தள்ளும் அடிவிசிறியில் வலையோ கயிறோ சுற்றியிருக்கிறதா பாருங்கள்.

சரிசெய்யும் வரை எதிரோட்டத்தில் முடுக்காமல், ஓதம் (கடல் ஏற்ற இறக்கத்தால் வரும் நீரோட்டம்) நீங்கள் போகும் பக்கமாக ஓடும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள், சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அது திரும்பும். நங்கூரம் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.